ஆறு சகோதரிகள், எதிரெதிர் கொள்கைகள்: மிட்ஃபர்ட் குடும்பம் சமாதானம் ஆனதா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது அரசியல் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒருவர் கோபப்படுவார். இன்னொருவர் பேச்சை மாற்றப் பார்ப்பார். மூன்றாமவர் சத்தமில்லாமல் குழுவிலிருந்து வெளியேறிவிடுவார்.

இப்போது இப்படி யோசிச்சுப் பாருங்க. உங்கள் தங்கைகளில் ஒருவர் ஹிட்லருக்கு நெருக்கமானவர். இன்னொருவர் கம்யூனிஸ்ட். உங்கள் நாடு ஜெர்மனியுடன் போரில் இறங்கியிருக்கிறது. உங்கள் தங்கையைப் பற்றித் தெரிந்ததை அரசாங்கத்திடம் சொல்வீங்களா, மறைப்பீங்களா?

பிரிட்டனின் மிட்ஃபர்ட் குடும்பத்தில் இது உண்மையாகவே எழுந்த கேள்வி. 2025ஆம் ஆண்டு வெளிவந்த 'அவுட்ரேஜஸ்' தொலைக்காட்சித் தொடரால் அந்தக் குடும்பம் மறுபடியும் பேசப்படுகிறது. தொடரின் கதை 1930களில் நடக்கிறது. ஆனால் சகோதரிகளின் உறவு மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது போர் தொடங்கிய பிறகுதான். என்ன நடந்தது? வாங்க, பார்ப்போம்.

யார் இந்த மிட்ஃபர்ட் சகோதரிகள்?

தந்தை, இரண்டாம் ரீட்ஸ்டேல் பிரபு டேவிட் மிட்ஃபர்ட். தாய் சிட்னி. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷியர் வட்டாரத்தில் வாழ்ந்த பிரபு குடும்பம். மொத்தம் ஏழு பிள்ளைகள்.

• நான்சி (1904–1973): நாவலாசிரியர். 'தி பர்சூட் ஆஃப் லவ்' நாவலால் புகழ்பெற்றவர்.

• பமேலா (1907–1994): கிராமத்து வாழ்க்கையை விரும்பியவர். ஆறு பேரில் அதிகம் வெளியில் தெரியாதவர்.

• டாம் (1909–1945): ஒரே மகன்.

• டயானா (1910–2003): பிரிட்டிஷ் ஃபாசிஸ்ட் கட்சித் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியின் மனைவி.

• யூனிட்டி (1914–1948): ஹிட்லரின் தீவிர ஆதரவாளர்.

• ஜெசிக்கா (1917–1996): கம்யூனிஸ்ட். பிறகு அமெரிக்காவில் பிரபலமான செய்தியாளர், எழுத்தாளர்.

• டெபரா (1920–2014): டெவன்ஷியர் கோமகள். சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைவி.

மகன் டாம் ஈட்டன் பள்ளிக்குப் போனார். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலேயே படித்தார்கள். வெளியுலகத் தொடர்பு குறைவு. அதனால் அவர்களுக்குள் நெருக்கம் அதிகம். ஒவ்வொருவருக்கும் பல செல்லப்பெயர்கள். யூனிட்டியும் ஜெசிக்காவும் தங்களுக்கென்று ஒரு தனி மொழியையே உருவாக்கிப் பேசினார்கள்.

அந்த இருவரும் பகிர்ந்துகொண்ட ஓர் அறையைப் பற்றி ஜெசிக்கா பின்னர் எழுதியிருக்கிறார். அறையின் ஒரு பாதியில் நாஜிச் சின்னம். மறு பாதியில் அரிவாள் சுத்தியல். விளையாட்டாகத் தொடங்கிய அந்தப் பிரிவினை, சில ஆண்டுகளில் வாழ்க்கையாகவே ஆகிவிட்டது.

எப்படிப் பிரிந்தார்கள்?

முதலில் டயானா. பணக்கார கின்னஸ் குடும்பத்தைச் சேர்ந்த கணவரை விட்டுவிட்டு மோஸ்லியுடன் சேர்ந்தார். 1936இல் அவர்களின் திருமணம் பெர்லினில், நாஜி அமைச்சர் கோயபல்ஸின் வீட்டில் ரகசியமாக நடந்தது. விருந்தினர்களில் ஹிட்லரும் ஒருவர்.

அடுத்து யூனிட்டி. 1934இல் மியூனிக் சென்றார். ஹிட்லர் வழக்கமாக வரும் உணவகத்தில் தினமும் போய் உட்கார்ந்து காத்திருந்தார். 1935 பிப்ரவரியில் ஹிட்லர் அவரைத் தன் மேசைக்கு அழைத்தார். அதன்பிறகு நூறு தடவைக்கும் மேல் இருவரும் சந்தித்தார்கள். அதே ஆண்டு, யூத வெறுப்பைப் பரப்பிய ஒரு நாஜி ஏட்டுக்கு யூனிட்டி கடிதம் எழுதினார். தாம் யூதர்களை வெறுப்பவர் என்று அதில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஏதோ இளவயது ஆர்வக்கோளாறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

ஜெசிக்கா இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார். சிறு வயதிலிருந்தே வங்கியில் பணம் சேர்த்துவந்தார். அந்தக் கணக்குக்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஓடிப்போகும் கணக்கு'! 1937இல், 19 வயதில், அது பயன்பட்டது. தோழிகளுடன் பிரான்சுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, எஸ்மண்ட் ரோமிலி என்ற இளைஞருடன் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். அங்கே அப்போது ஃபாசிஸ்ட்களுக்கு எதிரான உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ரோமிலி, வின்ஸ்டன் சர்ச்சிலின் மனைவியுடைய தங்கை மகன்.

ஜெசிக்காவை மீட்டுவர ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலே அனுப்பப்பட்டது. அக்கா நான்சி நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். பயனில்லை. நான்சி பெற்றோர் பக்கம் நின்றதை ஜெசிக்கா ஒரு துரோகமாகவே பார்த்தார்.

தந்தை ரீட்ஸ்டேல் பிரபு அதன்பிறகு 21 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். மகளை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தம் உயிலிலிருந்தும் ஜெசிக்காவை விலக்கிவைத்தார்.

போர் வந்ததும் என்ன ஆனது?

1939 செப்டம்பர் 3. ஜெர்மனியுடன் போர் தொடங்கிவிட்டதாக பிரிட்டன் அறிவித்தது. அன்றே மியூனிக் பூங்கா ஒன்றில் யூனிட்டி துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிழைத்துக்கொண்டார். ஆனால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு. 1940 ஜனவரியில் குடும்பத்தார் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பெற்றோரின் திருமணமும் ஆட்டம் கண்டது. முன்பு இருவருமே ஹிட்லரைப் பாராட்டியவர்கள்தான். போர் வந்ததும் தந்தை நாட்டின் பக்கம் நின்றார். தாய் மனம் மாறவில்லை. இருவரும் பிரிந்து வாழத் தொடங்கினார்கள். குழந்தையைப் போல் ஆகிவிட்ட யூனிட்டியை, 1948இல் அவர் இறக்கும்வரை, தாய்தான் பார்த்துக்கொண்டார்.

ஒரே மகன் டாமுக்கு வேறு விதமான சிக்கல். அவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. ஆனால் ஜெர்மானியர்களை எதிர்த்துச் சண்டையிட அவருக்கு மனமில்லை. ஆசியாவுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். சிங்கப்பூரும் மலாயாவும் ஜப்பானியர் பிடியில் இருந்த காலம் அது. அந்த ஜப்பானியப் படையுடன் பர்மாவில் மோதியபோது காயமடைந்து, 1945 மார்ச்சில் டாம் உயிரிழந்தார்.

அக்காவே தங்கையைக் காட்டிக்கொடுத்தாரா?

ஆமாம். இந்தக் கதையில் பலரையும் யோசிக்க வைக்கும் பகுதி இதுதான்.

1940 ஜூன். பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது. ஜெர்மானியப் படை எப்போது வேண்டுமானாலும் பிரிட்டனுக்குள் வரலாம் என்ற பயம். மோஸ்லி ஏற்கெனவே சிறையில். டயானா வெளியே இருந்தார்.

நான்சி அரசாங்க அதிகாரி ஒருவரைச் சந்தித்தார். டயானா எத்தனை முறை ஜெர்மனிக்குப் போய்வந்தார் என்பதை விசாரிக்கச் சொன்னார். தங்கை ஆபத்தானவர் என்றும் கூறினார். அதே மாதம் 29ஆம் தேதி டயானா கைதானார். அவரின் கடைசி மகன் பிறந்து 11 வாரம்தான் ஆகியிருந்தது.

அது விசாரணையின்றித் தடுத்துவைக்க வகைசெய்யும் போர்க்கால விதி. வழக்கு கிடையாது, தீர்ப்பும் கிடையாது. டயானா மூன்று ஆண்டுக்கும் மேல் லண்டனின் ஹாலோவே சிறையில் இருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டயானாவைப் பற்றித் தகவல் கொடுத்தவர் நான்சி மட்டும் அல்ல. டயானாவுடைய முதல் கணவரின் தந்தையும் உளவுத்துறைக்குத் தகவல் தந்திருந்தார். நான்சி வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் டயானா கைதாகியிருக்கலாம்.

நான்சி இதை லேசான மனத்துடன் செய்யவில்லை. ஒரு சகோதரி செய்கிற காரியமில்லை இது என்று தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அது தம் கடமை என்று நினைத்தார். 1943இல் டயானாவின் விடுதலை பற்றிய பேச்சு எழுந்தபோதும், விடக்கூடாது என்றே அதிகாரிகளிடம் சொன்னார்.

டயானாவிடம் மட்டும் சொல்லவே இல்லை. போருக்குப் பிறகு நான்சி பிரான்சில் குடியேறினார். டயானாவும் பின்னர் பாரிஸ் அருகே வந்து சேர்ந்தார். இருவரும் அடிக்கடி சந்தித்தார்கள், சிரித்துப் பேசினார்கள். நான்சி இறக்கும்வரை அந்த ரகசியம் அவரிடமே இருந்தது.

ஜெசிக்கா ஏன் டயானாவை மன்னிக்கவில்லை?

ஜெசிக்கா எதையும் மறைத்துச் செய்யவில்லை. 1943இல் மோஸ்லியின் உடல்நிலை காரணமாக அவரும் டயானாவும் விடுவிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் இருந்த ஜெசிக்கா, அவர்களை மீண்டும் சிறையில் அடைக்க வேண்டும் என்று பிரதமர் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதினார். அதைச் செய்தித்தாளிலும் வெளியிட்டார்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. கணவர் ரோமிலி கனடிய ஆகாயப் படையில் சேர்ந்து, 1941 நவம்பரில் வட கடல்மீது பறந்தபோது காணாமல் போனார். அப்போது ஜெசிக்காவுக்கு 24 வயது. கையில் ஒரு பெண் குழந்தை. கணவரின் உயிரைப் பறித்த கொள்கையும் அக்காவின் கொள்கையும் ஒன்று என்றே அவர் பார்த்தார்.

ஆனால் யூனிட்டி விஷயத்தில் ஜெசிக்கா அப்படி இல்லை. யூனிட்டியும் நாஜிதான்; டயானாவைவிட வெளிப்படையான நாஜி. இருந்தும் ஜெசிக்கா அவரைக் கடைசிவரை நேசித்தார், அவருக்காக அழுதார். ஒரே அறையில் வளர்ந்த பாசம் ஒரு காரணமாக இருக்கலாம். யூனிட்டி தம் செயலுக்கான விலையைத் தம் உடலாலேயே கொடுத்துவிட்டார் என்பதும் காரணமாக இருக்கலாம்.

டயானா தெளிவாகச் சிந்திக்கக்கூடியவர். தெரிந்தே தேர்ந்தெடுத்தார். பின்னரும் அதை விடவில்லை. 1989இல் பிபிசி வானொலி நேர்காணலில்கூட ஹிட்லரைப் பற்றி நல்லவிதமாகவே பேசினார். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையைத் தாம் நம்பவில்லை என்றார். கேட்டவர்கள் கொதித்துப் போனார்கள்.

தவறு செய்ததாகவே நினைக்காத ஒருவரை எப்படி மன்னிப்பது? ஜெசிக்காவின் நிலையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி போதும்.

அப்போ சமாதானமே நடக்கலையா?

நடந்தது. ஆளுக்கு ஒரு விதமாக நடந்தது.

முதலாவது, தாயும் ஜெசிக்காவும். போருக்கு நடுவே, 1943இல், ஜெசிக்கா ராபர்ட் ட்ரூஹாஃப்ட் என்ற வழக்கறிஞரை மணந்துகொண்டார். அவர் யூதர், கம்யூனிஸ்ட். 1948இல் தாய் விமானம் ஏறி, கலிஃபோர்னியாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். ஹிட்லரை மதித்த ஒரு பிரபு குடும்பத்துத் தாய், யூத மருமகனின் சாதாரண வீட்டில் தங்கினார். அரசியல் கருத்தை இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இருவருக்கும் இடையிலான இடைவெளி அங்கே குறைந்தது.

இரண்டாவது, பமேலா. அவர் அரசியல் அறிக்கை எதுவும் விடவில்லை. டயானா சிறையில் இருந்தபோது அவருடைய இரண்டு கைக்குழந்தைகளையும் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் யாருக்கும் எந்தத் தவறும் செய்யவில்லையே!

மூன்றாவது, நான்சியின் படுக்கை. 1973இல் பிரான்சின் வெர்சாய் நகரில் நான்சி புற்றுநோயால் அவதிப்பட்டார். சகோதரிகள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஜெசிக்காவும் வந்தார். அங்கே டயானாவும் இருந்தார். பல ஆண்டுகள் பேசாமல் இருந்த இருவர், ஒரே வீட்டில்.

சண்டை வந்ததா? இல்லீங்க. நான்சிக்கு என்ன தேவை, யார் எப்போது பார்த்துக்கொள்வது என்று பேசினார்கள். மரியாதையாக நடந்துகொண்டார்கள். பழைய விஷயங்களைத் தொடவே இல்லை. நான்சி அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதி காலமானார். அந்தச் சந்திப்புக்குப் பிறகு ஜெசிக்கா–டயானா உறவு தொடரவில்லை. அது சமாதானம் என்பதைவிட, நோயாளிக்காகச் செய்துகொண்ட தற்காலிகப் போர்நிறுத்தம் என்பது பொருத்தம்.

எல்லாரையும் சேர்த்து வைத்தது யார்?

கடைசித் தங்கை டெபரா. ஜெசிக்கா ஓடிப்போனபோது அவருக்கு 16 வயது. தாயுடன் சேர்ந்து இருவரும் போகவிருந்த உலகப் பயணம் நின்றுபோனது. தன்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாளே என்ற வலி அவருக்கு இருந்தது. போதாக்குறைக்கு, ஒரு நாளேடு ஓடிப்போனவர் டெபரா என்று தவறாகச் செய்தி போட்டுவிட்டது!

இருந்தும் டெபரா யாருடனும் தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை. டயானாவுக்கும் எழுதினார், ஜெசிக்காவுக்கும் எழுதினார். ஒருவரைப் பற்றிய செய்தி மற்றவருக்குப் போய்ச் சேர்ந்தது அவர் வழியாகத்தான்.

அந்த உறவும் ஒரு முறை அறுந்துபோகப் பார்த்தது. 1976இல் யூனிட்டியைப் பற்றிய வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்று வெளிவந்தது. அதன் ஆசிரியருக்கு ஜெசிக்கா உதவியிருந்தார். மற்ற சகோதரிகளுக்குக் கடும் கோபம். அதே நேரத்தில் டெபரா வீட்டிலிருந்த குடும்பப் புகைப்படத் தொகுப்பு ஒன்றைக் காணவில்லை. ஜெசிக்காதான் எடுத்திருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார்கள். திருடி என்று சொல்லாமல் சொன்னது அவரை மிகவும் காயப்படுத்தியது. பிற்பாடு அந்தத் தொகுப்பு டெபரா வீட்டிலேயே கிடைத்தது.

கவனிச்சீங்களா? ஹிட்லரும் ஸ்டாலினும் பிரிக்க முடியாத டெபராவையும் ஜெசிக்காவையும், ஓர் ஆல்பம் கிட்டத்தட்டப் பிரித்துவிட்டது. பல குடும்பங்களில் நடப்பதும் இதுதானே. பெரிய விஷயத்தைப் பேசாமல் ஒதுக்கிவைப்போம். அது ஒரு சின்ன விஷயத்தின் வழியாக வெடிக்கும்.

இருவரும் தொடர்ந்து எழுதினார்கள். கோபத்தையும் எழுதினார்கள். 1996இல் ஜெசிக்கா இறக்கும்வரை அந்தக் கடிதங்கள் நிற்கவில்லை.

நான்சியின் ரகசியம் என்ன ஆனது?

நான்சி மறைந்த பிறகுதான் அது டயானாவுக்குத் தெரியவந்தது. படுக்கையில் கிடந்த அக்காவுக்கு அத்தனை பணிவிடை செய்தவர் டயானா. தம்மைச் சிறையில் வைத்திருக்கச் சொன்னவர் அதே அக்காதான் என்று தெரிந்தபோது, கேள்வி கேட்க அக்கா உயிரோடு இல்லை.

நான்சி உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமா? சொல்லியிருந்தால், கடைசி ஆண்டுகளின் நெருக்கம் இருந்திருக்காது. சொல்லாததால், அந்த நெருக்கத்தில் ஒரு பொய் கலந்திருந்தது. இரண்டில் எது மேல் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால்…

• நான்சி–டயானா: பாசம் இருந்தது, உண்மை இல்லை.

• ஜெசிக்கா–டயானா: உண்மையை மறைக்கவில்லை, உறவு திரும்பவில்லை.

• ஜெசிக்கா–தாய்: கருத்து மாறவில்லை, உறவு திரும்பியது.

• ஜெசிக்கா–டெபரா: சண்டையும் இருந்தது, கடிதமும் இருந்தது.

• ஜெசிக்கா–தந்தை: கடைசிவரை மௌனம்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

'ரத்த பாசம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்' என்று சினிமாவில் சொல்வார்கள். மிட்ஃபர்ட் குடும்பத்தில் அது பாதிதான் உண்மை. டயானாவும் யூனிட்டியும் ஆதரித்த ஆட்சி லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. அதைக் குடும்பச் சண்டை மாதிரி பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது. சகோதரிகள் ஒருவரையொருவர் மன்னித்தாலும், பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் மன்னிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. ஜெசிக்கா அதை உணர்ந்திருந்தார்.

அதே சமயம், கொள்கைக்காக உறவை முழுதாகத் தூக்கியெறிந்தவர்களும் இதில் குறைவு. தந்தையைத் தவிர, ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். சகோதரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் சுமார் 12,000. அவற்றில் ஒரு சிறு பகுதி 2007இல் நூலாக வந்தது. தொகுத்தவர் டயானாவின் மருமகள்.

இங்கிலாந்தின் ஸ்வின்புரூக் கிராமத் தேவாலயத்துக்குப் போனால் நான்சி, யூனிட்டி, பமேலா, டயானா ஆகியோரின் கல்லறைகளைப் பார்க்கலாம். காட்டிக்கொடுத்தவரும் காட்டிக்கொடுக்கப்பட்டவரும் ஒரே இடத்தில். ஜெசிக்கா அங்கே இல்லை. அவருடைய அஸ்தி கடலில் கரைக்கப்பட்டது.